சூடான பிறகு

“தள்ளாதீங்க, விடுங்க, விடுங்க,” என்று பத்துமலை ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் கொடுப்பதற்குள் முன்சக்கரம் ஒரு சாண் தூரம் சாக்கடைப் பக்கம் வழுக்கிவிட்டது. பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் கையை எடுத்தார்கள். வண்டி ஒரு முறை ஆடி நின்றது. உள்ளே எங்கோ தட்டுகள் சரிந்து விழுந்தன.

பத்துமலை இறங்கிப் போய்ப் பார்த்தான். சக்கரத்துக்கும் சாக்கடை விளிம்புக்கும் நடுவில் நாலு விரல்கடை மண்தான் மிச்சம். விடியற்காலையில் பெய்த மழையில் அதுவும் குழைந்து கிடந்தது.

“ஸ்டேரிங் திரும்பாம தள்ளுனா இப்படித்தான்,” என்றார் ஒருவர்.

“டயர்ல காத்து கம்மியா இருக்கும் லா,” என்றார் இன்னொருவர்.

“கிரீஸ் அடிச்சி எத்தன நாளாச்சி?” என்று மூன்றாவது ஆள் கேட்டார்.

பத்துமலை ஈப்போவில் ஒரு லாரிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். இத்தனை பேர் இத்தனை யோசனை சொல்லி அவன் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை உதைத்து வைத்தான்.

வண்டி குறுக்கே நின்ற இடம்தான் பெரிய வாதையாக இருந்தது. சுங்கை சிப்புட் பெரிய சாலையிலிருந்து அபுபக்கர் பாயின் சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால் வருவதற்கு ஒரே ஒரு மண்பாதை. ஒரு பக்கம் கடைச் சுவர், மறுபக்கம் சாக்கடை. வண்டியின் மூக்கு சாக்கடையைப் பார்த்திருந்தது. பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். சவ வண்டி நுழைய முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வெளியே போகவும் முடியாது.

பாதையின் முடிவில், கித்தான் கட்டிய பந்தலுக்கு அடியில், அவனுடைய அண்ணன் சன்னாசி பெட்டிக்குள் கிடந்தார். நெற்றியில் ஒரு காசு. மூக்கில் பஞ்சு. தலைமாட்டில் அண்ணி இருளாயி ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவர்களுடைய முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

கோயில் தலைவர் பழனியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஏம்பா பத்து, மூணு மணிக்கு சவ வண்டி ரோட்டுல வந்து நிக்கும். மழ வேற வரும் போல இருக்கு. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பின்னால சாக்கட, அந்த லோங்காங் மேல பலக இருக்குல்ல, அது வழியா தூக்கிட்டுப் போயிரலாம். நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்படித்தான கொண்டாந்தோம்?”

பத்துமலை பேச வாயெடுக்குமுன் பந்தலிலிருந்து இருளாயியின் குரல் வந்தது.

“வாரப்ப சாக்கட மேல வந்தாரு. போறப்பவாச்சும் பாதையில போவட்டும்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் உறுமி மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பழனியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

குறுக்கே நின்ற அந்த வண்டி சாதாரண வேன் இல்லை. உள்ளே படுக்கை, மடக்கு மேசை, அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி எல்லாம் இருக்கிற வீட்டு வண்டி. ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து, ஊர் திரும்புகிறபோது பத்துமலையின் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனது. சக்கரங்களைச் சுற்றி லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. சன்னாசி முப்பது வருடம் தோட்டத்து லாரி ஓட்டி, ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றார். அதே மாதம் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தவர், அந்த வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்கு உசுரு குடுடா பத்து. இந்த வீட்ட காலி பண்ணுன்னு ஒரு பய கடிதாசி போட முடியாது.”

ஐந்து மாதம், வேலை முடிந்த சாயங்காலங்களில், அண்ணனும் தம்பியும் அதற்கு உயிர் கொடுத்தார்கள். பிறகு சன்னாசி அதை ஓட்டிக்கொண்டு வந்து பாயின் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நிறுத்தினார். கடையில் தேநீர் கலக்கும் ஆள் வராத நாளில் இவர் கலக்குவார். இருளாயி பாத்திரம் கழுவுவாள். இரண்டு வருடம் அப்படி ஓடியது. நடுவில் இரண்டு முறை லுமுட் கடற்கரைக்குப் போய் வண்டியிலேயே தங்கிவிட்டு வந்தார்கள். பாகான் டத்தோவில் இருளாயியின் தங்கச்சி வீட்டு வாசலில் ஒரு வாரம் நின்றார்கள்.

இந்த வருடம் சீனப் பெருநாளுக்குப் பிறகுதான் ஸ்டேரிங் தொல்லை ஆரம்பித்தது. “கல்லா இறுகுதுடா” என்று சன்னாசி சொல்லி அனுப்பினார். பத்துமலை ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தான். முதலில் எண்ணெய் ஊற்றினான். அடுத்த முறை பெல்ட்டை மாற்றினான். அடுத்தது பம்பையே கழற்றிக்கொண்டு போய், உள்ளே உள்ள ரப்பர் வளையங்களையெல்லாம் புதிதாகப் போட்டு மாட்டினான். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்பி இப்படியும் அப்படியும் திருப்பினால் ஸ்டேரிங் வெண்ணெய் மாதிரி சுற்றியது.

“சூடானப்புறம் பாருடா. ஒரு முக்கா மணி நேரம் ஓடட்டும். அப்பதான் மொனக ஆரம்பிக்கும்,” என்பார் சன்னாசி.

முக்கால் மணி நேரம் நிற்க அவனுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாய்க்கவில்லை. ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் சங்கக் கூட்டம், ஒரு நாள் வெறுமனே அலுப்பு. போன ஞாயிறு, கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடிதான் சொன்னான்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணே. ஒனக்குத்தான் வயசாயிருச்சி.”

சன்னாசியும் சிரித்தார். வலது தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டே, “இருக்கும் லா” என்றார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருளாயி மட்டும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அபுபக்கர் பாய் வந்து, மனை கைமாறுகிறது, மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை, அதாவது நேற்று, சன்னாசி வண்டியைக் கிளப்பி, சந்தை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பாதைக்குள் நுழைந்து வளைக்கிற இடத்தில் வண்டி குறுக்கே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் இஞ்சின் உறுமுவது கேட்டது என்றாள் இருளாயி. அப்புறம் நின்றுவிட்டது. அவள் வந்து பார்க்கும்போது கியர் நடுவில் இருந்தது, கைப்பிரேக் இழுத்திருந்தது, சாவி திருப்பி அணைக்கப்பட்டிருந்தது. சன்னாசியின் தலை மட்டும் கதவுக் கண்ணாடிமேல் சாய்ந்திருந்தது.

இதயம் என்றார் டாக்டர்.

இன்று வண்டியின் பாட்டரியில் உயிர் இல்லை. அபுபக்கர் பாய் தன் வேனிலிருந்த பாட்டரியைத் தானே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையில் அழுக்குப் பட்டதை அவர் பார்க்கவில்லை.

“நான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாது தம்பி. ஒரு மாசம் கழிச்சி சொல்லியிருக்கலாம்.”

பத்துமலைக்கு அவர்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து யார்மேலாவது கோபப்படக் காத்துக்கொண்டிருந்தான். “பாட்டரிய இப்படி குடுங்க பாய்” என்று மட்டும் சொன்னான்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஸ்டேரிங்கைச் சுற்றினான். ஒரு தடையும் இல்லாமல் சுற்றியது. எப்போதும்போல. “பாத்தியா” என்று அவன் வாய் தானாக முணுமுணுத்தது. யாரிடம் சொன்னோம் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பின்னோக்கி எடுத்தான். பின்சக்கரம் சேற்றில் சுற்றியது. பலகை போட்டார்கள், பலகை உடைந்தது. செங்கல் போட்டார்கள், புதைந்தது. ஒருவர் சாக்குப் பை கொண்டுவந்தார். ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால். ஒவ்வொரு முறையும் ஸ்டேரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சுற்ற வேண்டியிருந்தது. இஞ்சின் சூடு காலில் அடித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பழனியப்பன் சன்னலருகே வந்து, “மணி பன்னெண்டே கால்” என்றார். “தெரியும் அண்ணே” என்றான். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வந்து, “புள்ளையில்லாத ஆளுக்குக் கொள்ளி போடப் போறவன் நீ. நீ குளிக்கணும், செரைக்கணும், சடங்கு கெடக்கு” என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. காலுக்கு அடியில், நோயாளி தூக்கத்தில் முனகுவதுபோல. ஸ்டேரிங்கை வலப்பக்கம் இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். இருக்கையிலிருந்து எழும்பி, முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுத்து, உடம்பின் எடையெல்லாம் போட்டுத் தொங்கினான். கால் சுற்று வந்தது. விட்டதும் திரும்பிப் போனது. வலது தோளிலிருந்து முழங்கை வரை ஒரு வலி சுருக்கென்று ஓடியது.

அண்ணனைவிடப் பத்து வயது இளையவன் அவன்.

பத்துமலை கையை எடுத்தான். இஞ்சினை அணைத்தான். வெளியே யாரோ, “என்னா ஆச்சி” என்று கேட்டார்கள். “மறுபடியும் தள்ளலாமா” என்றார்கள்.

“யாரும் தொடாதீங்க,” என்றான்.

இறங்கினான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினான். மூட்டுகளில் பிடிப்பு இல்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். விறைப்பாக இருந்தது. எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தான். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. ஒழுக்கு எங்கும் இல்லை. பம்ப் அவனே பிரித்துப் பூட்டியது. எல்லாம் சரியாக இருந்தது. எட்டு மாதமாக எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எண்ணெய் இருக்கிறது, பம்ப் இருக்கிறது, ஆனால் பம்புக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை. அதுவும் சூடான பிறகுதான் போகவில்லை. சூட்டில் மாறுவது எது?

அதைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி ஓடும்போது அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மேலே ஒருவர் இஞ்சினை ஒரே சீராக உறும விட வேண்டும். சாக்கடை விளிம்பில் நிற்கிற வண்டியில் ஏற யாரும் முன்வரவில்லை. “எனக்கு வேன்தான் லா ஓட்டத் தெரியும்” என்று அபுபக்கர் பாய் ஒரு அடி எடுத்து வைத்தார்.

“நான் மிதிக்கிறேன்.”

இருளாயி ஸ்டூலைவிட்டு எழுந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். பழனியப்பன், “என்னாம்மா இது, சவத்த விட்டுட்டு” என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிச் செருகி, படியில் கால் வைத்து ஏறினாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவள் ஏணியில் ஏறுகிற மாதிரி.

“அண்ணி, ஒங்களுக்குத் தெரியுமா?”

“அவருக்கு நாந்தான மிதிப்பேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீ போனப்புறம் அவரு கீழ படுத்துப் பாப்பாரு. கண்ணு தெரியல, ஒண்ணும் தெரியலன்னு எந்திரிச்சிருவாரு.”

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தான். முதுகில் சேறு குளிர்ந்தது. மேலே இஞ்சின் உறுமியது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரே நிதானம். பட்டறையில் இருக்கிற ஆட்கள்கூட இப்படி மிதிக்க மாட்டார்கள்.

டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ரப்பர் குழாய்மேல் வெளிச்சத்தைப் பிடித்தான். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். வெளியே ஒரு வெடிப்பில்லை. எத்தனையோ முறை அதைத் துடைத்திருக்கிறான்.

“இப்ப திருப்புங்க அண்ணி.”

ஸ்டேரிங் திரும்ப முயன்ற அந்த நொடியில் குழாய் மெதுவாக ஒட்டியது. பல் போன வாய் கன்னத்தை உள்ளே இழுப்பதுபோல நடுவில் சப்பையாகி மூடிக்கொண்டது. பம்ப் முனகியது. அவள் காலை எடுத்ததும் குழாய் பழையபடி உருண்டு, ஒன்றும் தெரியாததுபோல நின்றது.

“இன்னொரு தடவ.”

மறுபடியும் ஒட்டியது.

பழைய ரப்பர். சூட்டில் இளகி, பம்ப் உறிஞ்சும்போது நசுங்கிவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் நின்றிருந்தால் போதும்.

அவன் வெளியே வராமல் அங்கேயே கிடந்தான். சக்கரங்களுக்கு நடுவே செருப்பில்லாத கால்கள் நிறையத் தெரிந்தன. ஒரு ஜோடிக் கால் குனிந்து, பழனியப்பனின் முகமாகியது. “என்னா, உசுரோட இருக்கியா? மணி ஒண்ணாயிருச்சி.”

“ஒரு கம்பி வேணும்,” என்றான் பத்துமலை. “கெட்டியான கம்பி. வளையணும்.”

சனிக்கிழமை மதியம், வேறு குழாய் வாங்க ஈப்போவுக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை. குழாய்க்குள் சுருள் ஒன்றை நுழைத்துவிட்டால் நசுங்காது. ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். வேலிக்கம்பி துருப்பிடித்திருந்தது. கடைசியில் இருளாயி வண்டிக்குள் போய், அலமாரியிலிருந்து ஒரு சட்டை மாட்டும் கம்பியைக் கொண்டுவந்தாள். அதில் தொங்கிய வெள்ளைச் சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எண்ணெயை மைலோ டின்னில் வடிக்கும்போது மணிக்கட்டில் பட்டுத் தோல் கன்றியது. ஊதிக்கொள்ளக்கூட அவன் நிற்கவில்லை. கம்பியை ஒரு போல்ட்டின்மேல் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்கினான். இரண்டு முறை குழாய்க்குள் போக மறுத்தது. மூன்றாவது முறை திருகித் திருகி உள்ளே தள்ளினான். கிளிப்பை முறுக்கும்போது திருப்புளி நழுவிச் சேற்றுக்குள் விழுந்தது. தேடியெடுத்தான். மறுபடியும் நழுவியது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. பத்தடி தூரத்தில் அண்ணன் கிடந்தார். விழுங்கிக்கொண்டான்.

எண்ணெய் ஊற்றி, “அண்ணி” என்றான். அவள் கிளப்பினாள். முனகல் இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் உறும விட்டார்கள். குழாய் உருண்டையாகவே நின்றது. அவன் திருப்பச் சொல்லவில்லை. ஆனால் முன்சக்கரங்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. பிறகு வலப்பக்கம். பிறகு மறுபடியும் இடப்பக்கம். அடியிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தான். இருளாயி இரண்டு விரலை மட்டும் வைத்து ஸ்டேரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னாவாம்?” என்று கேட்டாள்.

“குழா அண்ணி. எண்ணெய் போற குழா.”

“பெருசா?”

அவன் கையால் காட்டினான். ஒரு சாண்.

அவள் ஸ்டேரிங்கைச் சுற்றுவதை நிறுத்தினாள். முன் கண்ணாடி வழியாகச் சாக்கடையைப் பார்த்தபடி இருந்தாள்.

“அப்ப அவருக்கு வயசாவல,” என்றாள்.

பத்துமலை கந்தல் துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். அவள் இறங்கி, தோளிலிருந்த சட்டையை நீவிவிட்டபடி பந்தலுக்குப் போனாள்.

ஜாக்கியை இறக்கிவிட்டு, வண்டியை அவன் நாலே முறையில் ஒடித்தெடுத்து, காலி மனைக்குள் கொண்டுபோய், மூக்கு சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினான். சூடாகித்தான் இருந்தது. ஒரு விரலில் திரும்பியது. அதை ரசிக்கிற அளவுக்கு அவனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

கீழே அபுபக்கர் பாய் நின்றிருந்தார். “மாசக் கடைசி அது இதுன்னு நான் சொன்னத மறந்துரு தம்பி. வாங்குறவன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“பரவால்ல பாய்.”

“நான் அவசரப்படுத்துனதாலதான…”

“நீங்க ஒரு தடவதான் பாய் அவசரப்படுத்துனீங்க. நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவசரப்பட்டேன்,” என்றான் பத்துமலை.

பாய் அவனைப் புரியாமல் பார்த்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. குழாயடியில் உட்காரவைத்துத் தலையைச் சிரைத்தார்கள். சவர்க்காரம் போட்டும், மண் போட்டும், பாயின் கடைச் சமையல்காரர் கொடுத்த எலுமிச்சைத் தோலைப் போட்டும் தேய்த்தான். நகக்கண்ணில் ஏறிய எண்ணெய் போகவில்லை. அந்தக் கையோடுதான் வாய்க்கரிசி போட்டான். வெள்ளை அரிசியில் இரண்டு மணி கறுத்துப்போய் அண்ணனின் உதட்டோரம் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தான். எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டான். உறுமி முழங்கியது. மூன்றரை மணிக்குப் பெட்டி பாதை வழியாகவே போனது. இருளாயி பாதை முடிகிற இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். அதற்குமேல் பெண்கள் போகும் வழக்கமில்லை என்று யாரோ சொன்னார்கள். நின்றுவிட்டாள்.

சுடுகாட்டிலிருந்து அவன் திரும்பியபோது ஆறரை ஆகியிருந்தது. வருவதாக இருந்த மழை வரவில்லை. வெயில் இன்னும் இருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாயின் கடையிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் மரக்கறிச் சாப்பாடு வந்திருந்தது.

வண்டிப் படியில் ஈரக் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனான். மடக்கு மேசை விரித்திருந்தது. காலையில் விழுந்த தட்டுகளை அவள் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

“புந்தோங்குக்கு வந்துருங்க அண்ணி. நம்ம வீட்டுல எடம் இருக்கு. வண்டிய பட்டறையில போட்டுக்கலாம்.”

“வீடு இருக்குல்ல தம்பி,” என்றாள் இருளாயி. சோற்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் பிசைந்தான். நகக்கண்ணின் கறுப்பு சோற்றில் இறங்குமோ என்று விரல்நுனியால் மட்டும் எடுத்துச் சாப்பிட்டான். சாலையில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு மேடேறியது.

இத்தனை நாளும் சுவர் பக்கமாக இருந்த பின் சன்னல், வண்டி திரும்பி நின்றதால் இன்று மேற்கைப் பார்த்திருந்தது. சாயங்கால வெயில் நேராக உள்ளே விழுந்து, படுக்கையின்மேல் நீண்டு கிடந்தது. இருளாயி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், இரண்டு தலையணையில் சன்னாசியுடையதை மட்டும் எடுத்து நிழலில் வைத்துவிட்டு வந்து, அவனுக்கு ரசம் ஊற்றினாள்.